உயரம் கணக்கு போட்டா அகலம் ஏன் மாறுது?

கேள்வி: சார், குடியாத்தத்துல டிடிபி சென்டர் வச்சிருக்கேன், தீப்பெட்டி லேபிள் ஷீட் இப்போ லாடெக்ஸ்லதான் (கட்டளை எழுதி பக்கம் அமைக்கிற சாஃப்ட்வேர்) பண்றேன். ஏ4 அகலம் 210ல மார்ஜின் 10 கழிச்சு 4ஆல வகுக்க பிஜிஎஃப்மேத்பார்ஸ்ங்கிற கணக்கு போடற கட்டளைல போட்டேன், 50 வந்துச்சு, அந்த ரிசல்ட்டை அகலத்துக்குன்னு ஒரு மேக்ரோவுல (பேர் வச்சு எடுத்து வைக்கிற எடம்) டெஃப் கட்டளையால வச்சேன். அடுத்து உயரத்துக்கு 50ஐ 0.7ஆல பெருக்குனேன், 35. ஆனா உடனே அகலமும் 35 ஆயிடுது. ரெண்டு நாளா மண்டை காயுது.

பதில்: கணக்கு சரியாத்தான் இருக்கு, எடுத்து வச்ச விதத்துலதான் கோளாறு. டெஃப் நீங்க எழுதுனதை அப்படியே வச்சுக்கும், அதுக்குள்ள என்ன மதிப்பு இருக்குன்னு அப்போ பாக்காது. அதனால உங்க மேக்ரோவுல 50 இல்ல, கடைசியா போட்ட கணக்கோட விடையை வச்சிருக்குற பிஜிஎஃப்மேத்ரிசல்ட்ங்கிற பேருதான் இருக்கு. அந்த ரிசல்ட் லாங் பஜார் மண்டி சிலேட்டு மாதிரி, அடுத்த கணக்கு வந்ததும் பழசு அழிஞ்சிடும், சீட்டுல வெலையை எழுதாம "சிலேட்டுல பாத்துக்கோ"ன்னு எழுதிட்டு வந்தா வீட்ல என்ன பண்ணுவாங்க? மேக்ரோவுக்குள்ள என்ன இருக்குன்னு காட்டுற ஷோ கட்டளையைப் போட்டுப் பாருங்க, டெர்மினல்லயே தெரிஞ்சிடும்.

டெஃப் இருக்குற எடத்துல இடெஃப் போடுங்க, அது அந்த நேரமே பிரிச்சு 50.0ன்னு எண்ணாவே வச்சுக்கும். ஆனா மேத்பார்ஸையே தூக்கி இடெஃப் உள்ள போட்றாதீங்க, எர்ரர்தான் வரும், கணக்கை முன்னாடி முடிச்சிட்டு ரிசல்ட்டை மட்டும் உள்ள வைக்கணும். இவ்ளோ எதுக்குன்னா பிஜிஎஃப்மேத்செட்மேக்ரோ இருக்கு, கணக்கு போட்டு நேரா உங்க மேக்ரோவுல வச்சிடும், நான் தெனமும் அதைத்தான் போடறேன்.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப செய்யற ஃபார்ஈச் லூப்புக்குள்ள வச்ச மதிப்பு வெளிய வந்தா காணாம போயிடும், ஒவ்வொரு சுத்தும் ஒரு குரூப்புக்குள்ள ஓடுது, வெளியவும் வேணும்னா இடெஃப்புக்குப் பதிலா எக்ஸ்டெஃப் போடுங்க.

இன்னொன்னு, இதுல நானே ஒரு கல்யாண பத்திரிகை வேலைல மாட்டியிருக்கேன். கணக்குக்குள்ள 50ன்னு போடாம 50 எம்எம்னு யூனிட்டோட போட்டா அது பாயிண்ட்டா மாத்திடும், 142.26 பக்கம் வரும், யூனிட் ஒட்டாம வெறும் எண்ணா வரும். அது பின்னாடி நான் எம்எம் சேர்த்துட்டேன், பெட்டி பேப்பரைத் தாண்டி ஓடிருச்சு, மொத்த ஷீட்டும் வேஸ்ட். நீங்க வெறும் எண்ணாவே கணக்கு போடுங்க, எம்எம்மை பெட்டி போடற எடத்துல மட்டும் சேருங்க.