வணிக ரியல் எஸ்டேட் துறைக்கு இப்போது மாறலாமா?

கேள்வி: சிவில் படித்துவிட்டு ஆறு வருடமாகக் கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கிறேன். வணிக ரியல் எஸ்டேட் பக்கம் மாற ஆசை. ஆனால் அலுவலகக் கட்டடங்கள் காலியாகக் கிடப்பதாகச் சொல்கிறார்கள். இப்போது மாறலாமா? என்ன வேலையில் சேரலாம்?

தாராளமாக மாறலாம். முதல் இரண்டு வருடம் மட்டும் குத்தகை ஒப்பந்தங்கள் கையில் புழங்குகிற வேலையாகத் தேடிக்கொள்ளுங்கள். பதினான்கு வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்து நன்றாக மேலே வந்தவர்கள் எல்லோரும் ஒப்பந்தத்தை வரி விடாமல் படிக்கக் கற்றவர்கள்.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம் நடந்ததைச் சொல்கிறேன். எட்டு மாடிக் கட்டடம் ஒன்றை வாங்க எங்கள் நிறுவனம் விலை பேசிக்கொண்டிருந்தது. அதில் ஐந்து மாடி ஒரே குத்தகைதாரரிடம் இருந்தது. பத்து வருடக் குத்தகை, இன்னும் ஏழு வருடம் பாக்கி என்று விற்பவர் கொடுத்த சுருக்கத்தில் இருந்தது. மூல ஒப்பந்தத்தோடு இணைத்திருந்த திருத்தங்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. மூன்றாவது திருத்தத்தில் ஒரு பத்தி: ஐந்தாவது வருட முடிவில், ஆறு மாதம் முன்னதாக நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் குத்தகைதாரர் காலி செய்யலாம். ஏழு வருட வருமானம் என்று நம்பியதில் உறுதியாக இருந்தது இரண்டே வருடம். அன்று மாலையே விலைப் பேச்சு முதலிலிருந்து தொடங்கியது. வணிகக் கட்டடத்தை வாங்குகிறவர் வாங்குவது அதிலிருந்து வரப்போகும் வாடகையைத்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இப்போதைய நிலவரத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். 2020இல் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யப் போனபோது அலுவலகங்கள் ஒரே நாளில் காலியாயின. வாடகை ஒரே நாளில் நிற்கவில்லை. ஐந்து வருடம், பத்து வருடம் என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு குத்தகையும் முடியும்போதுதான் நிறுவனங்கள் இடத்தைக் குறைக்கின்றன. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் அதன் பாதிப்பு தீரவில்லை. எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே அடி இல்லை என்பதையும் கவனியுங்கள். இடத்தைக் குறைக்கும் நிறுவனம் பெரும்பாலும் இன்னும் நல்ல கட்டடமாகப் பார்த்துப் போகிறது. ரயிலுக்குப் பக்கத்தில், வெளிச்சமும் காற்றும் உள்ள புதிய கட்டடங்களுக்கு ஆள் வருகிறது. இடைத்தரமான பழைய கட்டடங்கள்தான் திண்டாடுகின்றன.

அலுவலக இடத்தைப் பகிர்ந்து வாடகைக்குவிடும் வீவொர்க் நிறுவனம் விழுந்ததும் குத்தகைக் கதைதான். நீண்ட காலக் குத்தகைக்கு இடம் எடுத்து, மாதக் கணக்கில் பிரித்துக் கொடுத்தார்கள். வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் போகலாம், வீவொர்க் கட்ட வேண்டிய வாடகை மட்டும் போகாது. 2019 தொடக்கத்தில் 4,700 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட நிறுவனம் 2023 நவம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டது.

வாடகை குறைந்தது ஒரு பக்கம். வட்டி ஏறியதுதான் பெரிய இடி. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25–5.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. வேறு பல நாடுகளிலும் வட்டி ஏறியது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். செலவு போக வருடத்துக்கு 100 வருமானம் தரும் கட்டடம். வாங்குகிறவர் 5 சதவீத வருவாய் போதும் என்றால் விலை 2,000. வட்டி ஏறியதால் 7 சதவீதம் கேட்டால் விலை சுமார் 1,430. குத்தகைதாரர் ஒருவர்கூடப் போகவில்லை, ஆனாலும் மதிப்பு இவ்வளவு இறங்கிவிட்டது. பழைய விலையில் 1,300 கடன் வாங்கியிருந்தால், தவணை முடிந்து புதுக் கடன் கேட்கும்போது வங்கி புதிய மதிப்பில் 60 சதவீதம், அதாவது 860க்குள்தான் தரும். மீதி 440 சொச்சத்தை உரிமையாளர் கையிலிருந்து போட வேண்டும், அல்லது கட்டடத்தின் சாவியை வங்கியிடம் கொடுக்க வேண்டும். இந்தப் பேச்சுவார்த்தைகளைச் சமாளிக்கத் தெரிந்தவர்களுக்கு வங்கிகளிலும் முதலீட்டு நிறுவனங்களிலும் இப்போது நல்ல தேவை இருக்கிறது.

வணிக ரியல் எஸ்டேட் என்றால் அலுவலகம் மட்டும் இல்லை. கிடங்குகள் இணைய வணிகத்தால் வளர்ந்தன, அது எல்லோருக்கும் தெரிந்தது. சர்வர் கணினிகளை வைக்கும் டேட்டா சென்டர் புதிய வகை. அங்கே இடத்தைச் சதுர அடியில் பேசுவதில்லை, மெகாவாட்டில் பேசுகிறார்கள். எவ்வளவு பெரிய நிலம் இருந்தாலும் மின் இணைப்பு எப்போது கிடைக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

சரி, வேலைகள். தரகு வேலையில் பணம் உண்டு, ஆனால் கமிஷன்தான் சம்பளம். முதல் வருடம் கையிருப்பு இல்லாமல் இறங்காதீர்கள். மதிப்பீடு நிதானமான பாதை. 1868இல் லண்டனில் தொடங்கிய, சொத்து மதிப்பீட்டாளர்களுக்குத் தகுதி வழங்கும் ஆர்ஐசிஎஸ் அமைப்பின் சான்று பல நாடுகளில் செல்லும். முதலீட்டுப் பக்கம் போக எக்செல் நன்றாக வர வேண்டும், கட்டடத்தின் வருமானத்தையும் மதிப்பையும் கணக்கிடும் ஆர்கஸ் மென்பொருளும் பழகியிருந்தால் நல்லது. அதிகம் பேர் கவனிக்காத ஒன்று குத்தகைக் கணக்கு. 2019 ஜனவரியில் ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற சர்வதேசக் கணக்கு விதி நடைமுறைக்கு வந்தபின், நிறுவனங்கள் தங்கள் குத்தகைகளைக் கடன் போல ஐந்தொகையிலேயே (பாலன்ஸ் ஷீட்) காட்ட வேண்டும். அதற்கு ஒப்பந்தம் படிக்கும் ஆட்கள் வேண்டும். ஒப்பந்தத்தைச் சுருக்கித் தரும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு இப்போது செய்கிறது, உண்மைதான். அது தரும் சுருக்கத்தை மூலத்தோடு ஒப்பிட்டு, அந்த மூன்றாவது திருத்தத்தைப் பிடிக்கிறவரைத்தான் நான் வேலைக்கு எடுப்பேன்.

தள அனுபவத்தைக் குறைவாக நினைக்காதீர்கள். பழைய அலுவலகங்களைக் குடியிருப்பாக மாற்றலாமா என்று பல உரிமையாளர்கள் கேட்கிறார்கள். தளம் ஆழமாக இருந்தால் நடுவில் இருக்கும் அறைகளுக்கு ஜன்னல் வராது. கழிவறைக் குழாய்களெல்லாம் நடுமையத்தில் குவிந்திருக்கும். வரைபடத்தைப் பார்த்த பத்து நிமிடத்தில் இதை நீங்கள் சொல்லிவிடுவீர்கள், நிதி படித்து வந்தவருக்கு அது தெரியாது. விண்ணப்பம் போடும்போது ஆறு வருடத் தள வேலையை முதல் வரியிலேயே எழுதுங்கள்.