மொழிக்கு மூளையில் தனி அறை உண்டா? அரைக் கிலோ புலி கேட்டவனின் பதில்

மொரீசியஸில் வீட்டில் ஏழு மாதக் குழந்தை, பேச்செல்லாம் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் தீவு மொழி), பாட்டிக்கு மட்டும் தமிழ் வரும். மொழிக்கென்று மூளையில் ஒரு தனிப்பகுதி பிறவியிலேயே இருக்கிறதாமே, அப்படியானால் தமிழைப் பள்ளிக்குப் போய்க் கற்றுக்கொள்ளட்டும் என்று விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள் என்பதுதான் என் பதில். காரணம் சொல்ல என் மானத்தைக் கொஞ்சம் விலை பேச வேண்டியிருக்கிறது.

நானும் ரோஸ் ஹில்லில் கிரியோல் பேசும் வீட்டில் பிறந்தவன். தமிழ் எனக்குப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையிலிருந்து வந்தது. மேற்கொண்டு படிக்க மதுரைக்குப் போன முதல் வாரத்தில், மளிகைக் கடையில் "அரைக் கிலோ புலி கொடுங்கள்" என்றேன். கடைக்காரர் முகம் மாறாமல், "உயிரோடு வேண்டுமா, உரித்துத் தரட்டுமா?" என்றார். (அவர் வாழைப்பழத்தை வாளப்பளம் என்றுதான் சொன்னார். அதை எடுத்துச் சொல்லும் துணிவு அன்று எனக்கு இல்லை.) என் நாக்கில்தான் குறை என்று எல்லோரும் நினைத்தார்கள். குறை காதில். ல, ள இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டினாலும் எனக்கு ஒரே ஒலியாகத்தான் கேட்டது. இன்றைக்கும் எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்து வைத்ததைக் கொண்டுதான் சமாளிக்கிறேன். இத்தனைக்கும் நான் தமிழாசிரியன்.

இந்தக் காது எப்போது அடைபட்டது என்பதற்கு ஓர் அருமையான சோதனை இருக்கிறது. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984இல் வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியிலுள்ள 'த', 'ட' ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை ஒளிரும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை சரியாகத் திருப்பின. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் அப்படித் திருப்பியவை மிகச் சில. வீட்டில் கேட்காத ஒலி வேறுபாட்டை மூளை முதல் பிறந்தநாளுக்குள்ளேயே கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது.

எங்கள் தீவில் இதற்குச் சாட்சி தெருவிலேயே விற்கிறது. கிரியோலில் நாவை மடித்துச் சொல்லும் ட கிடையாது. அதனால் தாத்தாக்கள் கொண்டுவந்த புட்டு இங்கே 'புத்து' ஆகிவிட்டது. என் வகுப்பில் பத்து, பட்டு என்று சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் விழிப்பார்கள். ஒரு பையன் மட்டும் முதல் நாளே பிரித்துச் சொன்னான். விசாரித்தால், வீட்டில் வட இந்திய மொழியான போஜ்புரி பேசும் பாட்டி. போஜ்புரியில் ட உண்டு, ழ இல்லை. அவனும் ழ வந்ததும் மற்றவர்களைப் போலவே விழித்தான்.

இனி அந்தத் தனி அறைக்கு வருவோம். மனம் என்பது ஒரே கூடம் அல்ல, தனித்தனி மாட்யூல்களும் அதில் உண்டு என்று அமெரிக்கத் தத்துவவாதி ஜெர்ரி ஃபோடர் 1983இல் எழுதினார். மாட்யூல் தன் வேலையை மட்டும் பார்க்கும், வேகமாகப் பார்க்கும், நாம் வேண்டாம் என்றாலும் பார்க்கும். கேட்டதைப் புரிந்துகொள்வதை அப்படிப்பட்ட ஒன்றாகச் சொன்னார். பிறவியிலேயே பெரும்பாலும் அமைந்துவிடுவது என்பதும் அவர் கட்சி. முதல் பாதியை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். போர்ட் லூயி பஸ்ஸில் பின் இருக்கையில் இருவர் கிரியோலில் மருமகளைத் திட்டிக்கொண்டு வந்தால், எனக்குப் புரியாமல் இருக்க வழியே இல்லை. தமிழ் வானொலிச் செய்தியையோ வேண்டாம் என்று நினைத்தால் வெறும் சத்தமாக ஓடவிட முடிகிறது. ஒரே மண்டைக்குள் கிரியோலுக்கு அறை இருக்கிறது, தமிழுக்கு வெறும் மேசைதான். பிறவியிலேயே கட்டி முடித்த அறை என்றால் இந்தப் பாரபட்சம் ஏன்?

குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் அனெட் கார்மிலாஃப்-ஸ்மித் 1992இல் சொன்ன பதில்தான் எனக்கு ஒத்துவருகிறது. மாட்யூல் வளர்ச்சியின் தொடக்கம் அல்ல, விளைவு என்றார் அவர். வில்லியம்ஸ் சின்ட்ரோம் என்று ஒன்று. ஏழாவது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பதால் வருவது. வளர்ந்தபின் இவர்களின் பேச்சு, மற்றத் திறன்களை வைத்துப் பார்த்தால் வியக்கும்படி இருக்கும். படம் வரையச் சொன்னால் தடுமாறுவார்கள். இதோ, மொழி தனி அறை என்பதற்கு ஆதாரம் என்று பலர் கொண்டாடினார்கள். கார்மிலாஃப்-ஸ்மித்தும் சகாக்களும் மழலைப் பருவத்திலேயே போய்ப் பார்த்தார்கள். அங்கே இக்குழந்தைகளின் சொல்லறிவு, வளர்ந்தபின் பேச்சில் இவர்களைவிடப் பின்தங்கும் டவுன் சின்ட்ரோம் குழந்தைகளின் அளவில்தான் இருந்தது. பெரியவர்களிடம் கண்ட வேறுபாடு பிறவியில் இல்லை, வளர வளர வந்தது.

பிறக்கும்போது ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மூன்று மாதக் குழந்தை பேச்சைக் கேட்கும்போதே மூளையின் இடப்பக்கம் கூடுதலாக வேலை செய்வதை 2002இல் பிரான்சில் படமெடுத்துக் காட்டினார்கள். சாய்வு இருக்கிறது, சுவர் இல்லை. பிறப்பை ஒட்டி இடப்பக்கத்தில் பக்கவாதம் வந்த குழந்தைகளில் பலர் வலப்பக்கத்தைக் கொண்டே நன்றாகப் பேசக் கற்கிறார்கள். பெரியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. 1861இல் பாரிஸில் மருத்துவர் ப்ரோக்கா கண்ட, மூளையின் இடப்பக்கம் சேதமான நோயாளிக்கு மிஞ்சியது 'டான்' என்ற ஓர் அசை. என் பெரியப்பாவுக்கு 'அய்யோ' மிஞ்சியது. கிரியோலிலும் அதே சொல் உண்டு என்பதால், தமிழ் மிஞ்சியதா கிரியோல் மிஞ்சியதா என்று கடைசிவரை எங்களால் சொல்ல முடியவில்லை.

உங்கள் வீட்டுக்குத் தேவையானது பாட்ரிசியா குல் 2003இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீனம் பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், பன்னிரண்டு முறை, ஒவ்வொன்றும் 25 நிமிடம். அந்தக் குழந்தைகளுக்குச் சீன ஒலிகள் பிரித்துக் கேட்டன. அதே ஆட்களைத் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. ஆகவே தொலைக்காட்சியில் நாள் முழுக்கத் தமிழ்த் தொடர் ஓடுவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பாட்டியிடம் கொடுங்கள். என்ன பேசுவது என்று அவர் கேட்டால், குளிப்பாட்டும்போது காலையும் விரலையும் காட்டிப் பேசினாலே போதும், சமையலறையில் புளியைக் காட்டினாலும் சரி. புட்டு அவிக்கும் நாளில் மட்டும் அதைப் புட்டு என்றே சொல்லச் சொல்லுங்கள்.