பேரழிவு நாளில் தீயணைப்பு வண்டி நம் வாசலுக்கு வருமா?

கேள்வி: சிட்னிக்கு மேற்கே, ப்ளூ மவுண்டன்ஸ் வின்மலியில் வீடு வாங்கியிருக்கிறோம். கொல்லைப்புறம் முழுக்க யூகலிப்டஸ் காடு. திருநெல்வேலியிலிருந்து மாமனார், மாமியார் வந்து எங்களுடன் இருக்கிறார்கள். அத்தைக்கு முழங்கால் வலி, வேகமாக நடக்க முடியாது. "ஆர்.எஃப்.எஸ். (ஊரகத் தீயணைப்புப் படை) ஷெட் பக்கத்திலேயே இருக்கிறது, தீ வந்தால் தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார் வீட்டை விற்ற ஏஜென்ட். உண்மையில் வருவார்களா? என் கணவர் மட்டும் ஹோஸ் பைப்போடு தங்கி வீட்டைக் காக்கலாமா?

பதில்: உங்கள் கணவர் தங்க வேண்டாம். வண்டி வரலாம், வராமலும் போகலாம். வராது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள்.

ஏஜென்ட் சொன்னதில் ஷெட் இருப்பது மட்டும் உண்மை. அதிலிருந்து கிளம்புகிறவர்கள் உங்கள் ஊர் பிளம்பரும் பள்ளி ஆசிரியையும்தான். சம்பளம் கிடையாது. நியூ சவுத் வேல்ஸில் இப்படி 70,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்றதும் தெம்பாக இருக்கும். ஆனால் மோசமான நாளில் உங்கள் ஷெட் வண்டி காலையிலேயே வேறு மாவட்டத்துக்குப் போயிருக்கலாம். பெரிய டேங்கரில் இருப்பது ஏறக்குறைய 3,000 லிட்டர். இரண்டு ஹோஸைத் திறந்தால் கால் மணி நேரம் தாங்குவதே பெரிது. 2013 அக்டோபர் 17 அன்று இதே வின்மலி வட்டாரத்தில் மரம் சாய்ந்து மின்கம்பியில் விழுந்து பிடித்த தீ, சுமார் 200 வீடுகளை அழித்தது. உங்கள் தெருவில் பழைய ஆட்களைக் கேளுங்கள், ஏஜென்ட் சொல்லாததைச் சொல்வார்கள்.

வண்டி வந்தாலும் எல்லா வீட்டுக்கும் நிற்காது. டிரைவர் உங்கள் டிரைவ்வேயைப் பார்ப்பார். வண்டியைத் திருப்பி வெளியே எடுக்க முடியுமா? கிளைகள் கூரையில் உரசுகின்றனவா? கட்டரில் (கூரை ஓர மழைநீர்த் தகட்டில்) சருகு நிரம்பிக் கிடக்கிறதா? கேஸ் சிலிண்டரின் வால்வு வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கிறதா? குழுத் தலைவருக்கு இதையெல்லாம் எடைபோடச் சில நொடிகள்தான். தன் ஆட்கள் உள்ளே மாட்டிக்கொள்வார்கள் என்று பட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2019 டிசம்பரில் மட்டும் மூன்று தன்னார்வலர்கள் பணியில் இருக்கும்போதே இறந்தார்கள். இருவர் போன வண்டி மேல் மரம் விழுந்தது. இன்னொருவரின் வண்டியைத் தீச்சுழல் புரட்டிப் போட்டது.

ஆக, உங்கள் வேலை தீயோடு மல்லுக்கட்டுவது இல்லை. அவர்கள் தைரியமாக நிற்கக்கூடிய வீடாக அதை ஆக்கிவைத்துவிட்டுக் கிளம்புவது. பெரும்பாலான வீடுகளை எரிப்பது நேரே வரும் தீச்சுவாலை இல்லை, காற்றில் முன்னால் பறந்து வரும் தணல். அது ஓட்டிடுக்கிலும் பாத்ரூம் வென்ட்டிலும் வாசல் மிதியடியிலும் விழுந்து, தீ கடந்துபோய் ஒரு மணி நேரம் கழித்துக்கூடப் பற்றும். கட்டரைச் சுத்தம் செய்யுங்கள். வென்ட்டுகளில் 2 மி.மீ.க்கு மேல் கண் இல்லாத உலோக வலை அடியுங்கள். சிலிண்டர் வால்வை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டி இருந்தால் 65 மி.மீ. ஸ்டோர்ஸ் இணைப்பு (தீயணைப்பு வண்டியின் ஹோஸைப் பூட்டும் வாய்) போடுங்கள். அது இல்லாவிட்டால், தொட்டி நிறைய தண்ணீர் இருந்தும் டேங்கர்காரர்களால் எளிதில் எடுக்க முடியாது. ஹோஸ் பைப்பை நம்பவே நம்பாதீர்கள். தெருவே குழாயைத் திறக்கும்போது அழுத்தம் போய்விடும், கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும், பிளாஸ்டிக் பைப் வெப்பத்தில் உருகிவிடும்.

இனி வீடு தேடி வரும் வியாபாரிகள். கோடை வந்தால் போதும், லெட்டர் பாக்ஸில் நோட்டீஸ் விழும். "10/50 விதிப்படி அனுமதி இல்லாமலே உங்கள் மரங்களை வெட்டித் தருகிறோம்." இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், எனவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். விதி நிஜமானது. வீட்டின் வெளிச்சுவரிலிருந்து 10 மீட்டருக்குள் அடிமரம் இருந்தால் மரத்தை வெட்டலாம். 50 மீட்டர் வரை புதரை அகற்றலாம், அங்கே மரத்தைத் தொடக் கூடாது. 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு 30 செ.மீ.க்கு மேல் இருந்தாலே அது மரம். வெட்டுகிறவர் "இது புதர்தான்" என்பார், நம்பாதீர்கள். நிலத்தின் சாய்வு 18 டிகிரிக்கு மேல் இருந்தால் மரத்தை எடுக்க முடியாது, கவாத்து மட்டும்தான். ப்ளூ மவுண்டன்ஸில் பாதிக் கொல்லைகள் சரிவுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் மனை அந்த விதிக்குட்பட்ட பகுதியில் இருக்கிறதா என்று ஆர்.எஃப்.எஸ். இணையதளத்தில் முகவரி போட்டு, வெட்டுகிற நாளன்றே பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லைகள் மாறும். போன மாதம் பார்த்தேன் என்பது செல்லாது. தப்பாக வெட்டினால் அபராதம் உங்களுக்கு. நோட்டீஸ் போட்டவர் அதற்குள் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்.

கூரை ஸ்பிரிங்க்ளர் விற்பவர்களும் வருவார்கள். தனித் தொட்டி, டீசல் பம்ப் இரண்டும் சேர்த்து விலை சொல்கிறாரா என்று மட்டும் கேளுங்கள், பேச்சு பாதியில் நின்றுவிடும். இன்சூரன்ஸை இன்றே எடுங்கள். தீ பரவும் செய்தி வந்தபின் எடுத்தால் பல நிறுவனங்கள் முதல் 48 அல்லது 72 மணி நேரத்துக்குக் காட்டுத்தீ இழப்பைச் சேர்ப்பதில்லை. தொகையை வீட்டை வாங்கிய விலையை வைத்துப் போடாதீர்கள். இன்றைய தீப்பாதுகாப்பு விதிப்படி திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதைக் கணக்குப் பாருங்கள். பில்லில் அவசரச் சேவை வரி என்று ஒரு வரி இருக்கும். தீயணைப்புச் சேவைகளுக்கான பணத்தில் 73.7 சதவீதத்தை அரசு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் வழியாகத்தான் வசூலிக்கிறது. இன்சூரன்ஸ் எடுத்தவன் கட்டுகிறான், எடுக்காதவனுக்கும் அதே வண்டி. 2017-இல் மாற்றுகிறோம் என்று கிளம்பி, அமலுக்கு வரச் சில வாரங்கள் இருக்கும்போது கைவிட்டார்கள். 2023-இல் மறுபடியும் மாற்றப்போவதாக அறிவித்தார்கள்.

கிளம்பும் நேரத்துக்கு வருகிறேன். 2022 செப்டம்பரிலிருந்து தீ அபாயத்துக்கு நான்கு நிலைகள்: மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கேட்டஸ்ட்ராஃபிக் (பேரழிவு). கடைசி நிலை அறிவித்தால், எவ்வளவு தயாரான வீடாக இருந்தாலும் அங்கே இருக்கக் கூடாது. சிட்னிக்கு அது முதல்முறை அறிவிக்கப்பட்டது 2019 நவம்பர் 12 அன்று. அந்த நிலையை முந்தின நாளே சொல்லிவிடுவார்கள். அன்று இரவே, பிந்திப்போனால் விடிகாலையில், கிளம்புங்கள். புகை தெரிந்தபின் கிளம்பினால் ஹாக்ஸ்பரி ரோட்டில் ஊரே வரிசையில் நிற்கும். டூங்காபியிலோ பெண்டில் ஹில்லிலோ தெரிந்த குடும்பம் இல்லாத தமிழ் வீடு சிட்னியில் அபூர்வம். கூச்சப்படாமல் இப்போதே சொல்லிவையுங்கள். பெரியவர்களின் மருந்து, பாஸ்போர்ட், விசா தாள் ஒரு பையில் இருக்கட்டும்.

நீங்கள் இருவரும் வேலைக்குப் போயிருக்கும்போதுதான் பெரியவர்களுக்கு ஆபத்து. தீ எச்சரிக்கை அனுப்பும் ஹஸார்ட்ஸ் நியர் மீ செயலியில் உங்கள் வீட்டைச் சுற்றி எல்லை போட்டு உங்கள் போனில் வையுங்கள். அவசரத்துக்கு 000. அவர்களுக்கு ஆங்கிலம் வராது என்றால், அந்த எண்ணில் முதலில் "ஃபயர்" என்று சொல்லி, தீயணைப்புச் சேவை இணைந்ததும் "தமிழ்" என்று சொல்லிவிட்டு போனை வைக்காமல் காத்திருந்தால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள் என்று சொல்லிப் பழக்குங்கள். விவரம் கேட்க மட்டுமென்றால் மொழிபெயர்ப்புச் சேவையான 131 450 வழியாக மொழிபெயர்ப்பாளரோடு, காட்டுத்தீ தகவல் எண்ணான 1800 679 737-ஐப் பிடிக்கலாம். அந்த மூன்று எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்.