பின்குறிப்புக்கு ஒரு பதில்

அன்புள்ள அக்கா,

உங்க ஆஸ்பத்திரி கட்டுரைகளை விடாம படிக்கிறவன். நாங்க நியூஜெர்சி எடிசன்ல இருக்கோம். பொண்ணு இந்த வருஷம் ஹைஸ்கூல் முடிக்கிறா. காலேஜையும் மெடிக்கல் ஸ்கூலையும் சேர்த்துக் குடுக்கிற பிஎஸ்/எம்டி (இங்க எம்டிதான் டாக்டர் ஆகுற முதல் டிகிரி) மாதிரி படிப்புல ரெண்டு இடம் கிடைச்சிருக்கு. ஒண்ணு டிசிஎன்ஜேல (காலேஜ் ஆஃப் நியூஜெர்சி) மூணு வருஷம், அப்புறம் நெவார்க்ல ரட்கர்ஸ் மெடிக்கல் ஸ்கூல்ல நாலு, ஆக மொத்தம் ஏழு. இன்னொண்ணு ப்ரௌன் யுனிவர்சிட்டியோட பிஎல்எம்இ, எட்டு வருஷம். என் மச்சான் மதுரை மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர், 23 வயசுல டாக்டர் ஆயிட்டார். ஏழே ஜாஸ்தி, இன்னொரு வருஷத்தை ஏன் வீணாக்கணும்ங்கிறார். மனைவிக்கு ப்ரௌன் பேர் பிடிச்சிருக்கு. எதுக்கு ரேங்க் நல்லா இருக்கு, எம்டிக்கு அப்புறம் ஆஸ்பத்திரியில பண்ற பயிற்சி, அதான் ரெசிடென்சி, அது கிடைக்க எது உதவும்? மே 1க்குள்ள சொல்லணும்.

பி.கு: சனிக்கிழமை சனிக்கிழமை நர்சிங் ஹோம் போய் வாலண்டியர் பண்ணிட்டிருந்தா. அதான் அட்மிஷன் வந்தாச்சே, நிறுத்திடும்மான்னு சொல்லிட்டேன். பாவம், கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்.

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்.)

அன்புள்ள தம்பி,

முதல்ல பொண்ணுக்கு என் வாழ்த்து. ரெண்டுமே லேசுல கிடைக்கிற இடம் இல்ல.

போன மாசம் ப்ளெயின்ஸ்பரோவுல ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில எனக்கு எதிர்ல உக்காந்திருந்த நாலு அப்பாக்களும் இதே பேச்சுதான், எந்த கன்சல்டன்ட் எவ்வளவு வாங்குறார், டாக்டர் கூடவே நின்னு பாக்குற ஷேடோயிங் எத்தனை மணி நேரம் காட்டணும், ரிசர்ச் பேப்பர்ல பேர் வர யாரைப் பிடிக்கணும். பாயசம் வர்ற வரைக்கும் ஒருத்தர் வாயில இருந்தும் நோயாளிங்கிற சொல்லு வரல. வீட்டுக்கு வந்தும் அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அந்த நேரம் பாத்து உங்க மெயில்.

ரேங்க்கை விடுங்க. ரெசிடென்சி இடம் ஒதுக்குற மேட்ச்ல போய் நிக்கிறதுக்கு இன்னும் ஏழெட்டு வருஷம் இருக்கு, அதுக்குள்ள என்னென்ன மாறுமோ. டாக்டர் லைசென்ஸுக்கான ஸ்டெப் 1 பரீட்சை மார்க்தான் எல்லாம்னு ஒரு காலத்துல உயிரை விட்டாங்க, 2022 ஜனவரியில அதை வெறும் பாஸ் ஃபெயில்னு ஆக்கிட்டாங்க. ஒரு வருஷம் மிச்சம்ங்கிற கணக்கும் அப்படித்தான். எம்டி முடிச்ச பிறகு ரெசிடென்சி மட்டும் ஃபேமிலி மெடிசின்னா மூணு வருஷம், ஜெனரல் சர்ஜரின்னா அஞ்சு, நியூரோசர்ஜரின்னா ஏழு. இவ்வளவு நீளப் பாதையில முன்னாடி ஒரு வருஷத்தை வெட்டி எந்த பஸ்ஸைப் பிடிக்கப் போறா?

உங்க மச்சானுக்கு ஒண்ணு சொல்லணும். மதுரையில அவர் படிச்ச அஞ்சரை வருஷம் வேற, இது வேற. அங்க முதல் வருஷமே பிணத்தை அறுக்க விட்டுடுவாங்க, அடுத்து பெரியாஸ்பத்திரி வார்டு, கடைசி ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன்னு பேர் வெச்சு ராத்திரி பகல் பாக்காம புழிஞ்சு எடுத்துடுவாங்க. 23 வயசுல அவர் வெளிய வந்தப்ப எத்தனை நூறு பேர் கையைப் பிடிச்சுப் பாத்திருப்பாரு. இங்க ஏழு வருஷப் படிப்புல முதல் மூணு வருஷம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் பிசிக்ஸும்தான், அதையும் நெருக்கி அடைச்சு முடிக்கணும், அப்புறம் எல்லாரையும் போல அதே நாலு வருஷ எம்டி. கான்சாஸ் சிட்டியில யுஎம்கேசின்னு ஒரு ஆறு வருஷப் படிப்பு 1971ல இருந்து நடக்குது, வேணும்னா அதைக் கொஞ்சம் நம்ம எம்பிபிஎஸ் சாயல்னு சொல்லலாம், அங்க முதல் வருஷத்துலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. மத்ததுல மிச்சமாகிறது வெறும் காலண்டர்தான்.

சீட் உறுதிங்கிறது பெரிய விஷயம், அதை நான் மறுக்கல. இந்த நாட்டுல ஒரு வருஷத்துக்கு 50 ஆயிரம் பேருக்கு மேல மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்றாங்க, உள்ள போறவங்க 23 ஆயிரம் சொச்சம். பாதிக்கு மேல வெறுங்கையோட திரும்புறாங்க. ப்ரௌன்ல எம்கேட் நுழைவுத் தேர்வும் கிடையாது, எந்தப் பாடத்தை வேணும்னாலும் மேஜரா எடுக்கலாம். அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு, குடுக்கலாம்.

சரி, இப்ப பின்குறிப்பு. அதைப் படிச்சதும் எனக்குக் கோவம் வந்துச்சு தம்பி, மறைக்க மாட்டேன்.

நான் ரொம்ப காலம் ஆஸ்பத்திரி லேப்ல நைட் ஷிஃப்ட் பாத்தவ, ரத்தம் சோதிக்கிற ஹெமட்டாலஜி பெஞ்ச். ஒரு ராத்திரி மூணு மணி இருக்கும், ஒரு பாட்டியோட ப்ளேட்லெட், ரத்தத்தை உறைய வைக்கிற அணு, 18 ஆயிரம்னு மெஷின் காட்டுது. ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்க வேண்டியது. நான் ரத்தத்தை ஸ்லைடுல தடவி ஸ்மியர் போட்டு ஸ்டெயின் பண்ணிக்கிட்டிருக்கேன், அதுக்குள்ள மேல வார்டுல ப்ளேட்லெட் ஏத்தலாமான்னு பேச்சு ஆரம்பிச்சாச்சு. அப்ப ஒரு இன்டர்ன் பொண்ணு பேஸ்மென்ட்டுக்கு இறங்கி வந்து நிக்குது, ஸ்லைடை நானும் பாக்கலாமான்னு கேட்டுக்கிட்டு. டாக்டருங்க லேப்புக்கு போன் பண்ணிக் கத்துவாங்க, இறங்கி வர்றவங்க அபூர்வம். என்னம்மான்னு கேட்டா, நரம்பு கிடைக்கலைன்னு நான்தான் ரத்தம் எடுத்தேன், பஞ்சை வெச்சு அழுத்தினதும் பட்டுனு நின்னுடுச்சு, உடம்புல ஒரு சிவப்புப் புள்ளி இல்ல, 18 ஆயிரம்னா நம்ப முடியலங்குது. ரெண்டு பேரும் ஸ்லைடைப் பாத்தோம். ஸ்மியர் ஓரத்துல ப்ளேட்லெட் எல்லாம் கொத்து கொத்தா ஒட்டிக்கிட்டு நிக்குது. ஊதா மூடி ட்யூப்ல ஈடிடிஏன்னு ஒரு கெமிக்கல் இருக்கும், சில பேர் ரத்தத்துல அது இப்படி ஒட்ட வெச்சிடும், மெஷினுக்குக் கொத்தை எண்ணத் தெரியாது, கம்மியா காட்டிடும். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, ஈடிடிஏ இல்லாத நீல மூடி ட்யூப்ல திரும்ப எடுத்துட்டு வரட்டுமான்னு அவளே கேட்டா. எடுத்துட்டு வந்தா, ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம்.

அப்புறம் ஒருநாள் விசாரிச்சேன். முதல் தடவை அப்ளை பண்ணினப்ப எந்த மெடிக்கல் ஸ்கூலும் எடுத்துக்கலியாம், ரெண்டு வருஷம் ஒரு க்ளினிக்ல ரத்தம் எடுக்கிற வேலை பாத்திருக்கா. உங்க மச்சான் கணக்குல வீணாப்போன ரெண்டு வருஷம்.

உடனே உங்க பொண்ணும் ரிஜெக்ட் ஆகி வரணுமான்னு கேக்காதீங்க. கூட்டுப் படிப்புல வந்த தங்கமான டாக்டர்களையும் பாத்திருக்கேன், வழக்கமான வழியில வந்த அரைகுறைகளையும் பாத்திருக்கேன். ஆனா இங்க பாதிக்கு மேல பசங்க காலேஜ் முடிச்சு ஒண்ணு ரெண்டு வருஷம் வெளிய சுத்திட்டுத்தான் மெடிக்கல் ஸ்கூல் போறாங்க. ஈஎம்டியா ஆம்புலன்ஸ்ல போறவன், டாக்டர் பக்கத்துல நின்னு டைப் அடிக்கிற ஸ்க்ரைப், நர்சிங் ஹோம்ல டயப்பர் மாத்துறவ. அப்ளிகேஷனுக்காகத்தான் போறாங்க, ஒத்துக்கிறேன், ஆனா போன இடத்துல கை தானா பழகிடுது. உங்க பொண்ணுக்கு அந்தக் கட்டாயம் போயிடுச்சு. யாரும் அவகிட்ட இனிமே மணி நேரக் கணக்கு கேக்கப் போறதில்ல. இனிமே அவ அங்க போனா அந்தக் கிழவிகளுக்காகப் போறா. அந்த நேரம் பாத்து நிறுத்தச் சொல்லியிருக்கீங்களே, அவளுக்கு இந்த வேலை பிடிக்குமா பிடிக்காதான்னு வேற எங்க தெரிஞ்சுக்கப் போறீங்க, மெடிக்கல் ஸ்கூல் மூணாவது வருஷ வார்டுப் பயிற்சி க்ளர்க்‌ஷிப்லயா, லட்சக்கணக்குல கடன் ஏறின பிறகா? சனிக்கிழமை அவ வரலைன்னா அங்க யாராவது கதவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்கன்னு தோணலியா உங்களுக்கு? ரெஸ்ட்டாம் ரெஸ்ட்.

கடன்னதும் ஞாபகம் வருது. 2026 ஜூலை 1ல இருந்து புதுசா கடன் வாங்குறவங்களுக்கு க்ராட் ப்ளஸ்ங்கிற ஃபெடரல் லோன் கிடையாது. மெடிக்கல் ஸ்கூலுக்கு ஃபெடரல் கடன் வருஷம் 50 ஆயிரம் டாலர், மொத்தம் 2 லட்சம், அதோட சரி. பல தனியார் ஸ்கூல்ல வருஷச் செலவே 90 ஆயிரத்தைத் தாண்டுது. நெவார்க்னா அதே மாநிலத்துக்காரங்களுக்கான குறைஞ்ச இன்-ஸ்டேட் ஃபீஸ். இந்தக் கணக்கை ரெண்டு பேரும் உக்காந்து போட்டுட்டு அப்புறம் பேரு பிடிக்குதான்னு பாருங்க.

ரெண்டு இடத்துக்கும் மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்குங்க: ஜிபிஏ (காலேஜ் சராசரி மார்க்) எவ்வளவுக்குக் கீழ போனா சீட் போகும், எம்கேட் எழுதணுமா, நடுவுல மனசு மாறினா சாதா டிகிரியோட வெளிய வரலாமா, வேற மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ணினா இந்த இடம் நிக்குமா. கடைசிக் கேள்வியைச் சின்னதா நினைக்காதீங்க. ப்ராங்ஸ்ல ஐன்ஸ்டைன் மெடிக்கல் காலேஜுக்கு 2024ல ரூத் காட்ஸ்மன்னு ஒரு அம்மா, அங்கேயே பேராசிரியரா இருந்தவங்க, 100 கோடி டாலர் குடுத்து ட்யூஷனே இல்லாம பண்ணிட்டாங்க. நாலு வருஷம் கழிச்சு எந்தக் கதவு திறக்கும்னு யார் கண்டா.

ஏழா எட்டான்னு பிடிவாதமா கேட்டீங்கன்னா, எதுல அவளுக்கு சனிக்கிழமை மிஞ்சுதோ அதுன்னு சொல்வேன். எனக்கு எட்டுன்னு படுது. ஆனா உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சுட்டேன், மச்சான் சொன்னது இருக்கு, வீட்டம்மா சொன்னது இருக்கு, பொண்ணு சொன்னது ஒரு வரி இல்ல. மே 1க்கு முன்னாடி அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்க, இங்கிலீஷ்ல எழுதினாலும் பரவாயில்ல. நர்சிங் ஹோம்ல யாரைப் பாத்துக்கிட்டா, என்ன பேசினாங்கன்னு அதை மட்டும் எழுதட்டும்.

அக்கா