டாக்ஸிங் என்றால் என்ன? அது ஏன் குற்றம்?

ஒருவருடைய வீட்டு முகவரி, கைபேசி எண், ஐசி (அடையாள அட்டை) எண், கார் எண், பிள்ளைகள் படிக்கும் பள்ளி போன்றவற்றை அவரை மிரட்டவோ அலைக்கழிக்கவோ இணையத்தில் போடுவதுதான் டாக்ஸிங்.

இவை தனித்தனியாகச் சாதாரணத் தகவல்கள்தான். கோபமாக இருக்கும் ஆயிரம் பேர் முன் ஒன்றாகச் சேரும்போதுதான் ஆபத்து. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே ஒட்டுக்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு, நீங்கள் எந்த மாடி, வேலை முடிந்து எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதெல்லாம் தெரியும். அது பழக்கம். அதையே உங்கள் படத்தோடு அச்சடித்து, "இவளை நேரில் போய்க் கேளுங்கள்" என்று தெருத்தூண் முழுக்க ஒட்டினால்? அன்று இரவு மாடிப்படியில் கேட்கும் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் நெஞ்சு பதறும். எழுதியவர் பதிவை அழித்தாலும் பயனில்லை, அதற்குள் வாட்ஸ்அப் குழுக்களில் ஸ்கிரீன்ஷாட் சுற்றத் தொடங்கியிருக்கும்.

மலேசியாவில் 2025-இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி இதைத் தனிக் குற்றமாக்கினார்கள். உங்களுக்கு நடந்தால், முதலில் தேதியும் இணைப்பும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அப்புறம் போலீஸ் புகார்.

"நான் போட்டது உண்மைதானே, பொய்யில்லையே" என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே கேள்வி தகவல் உண்மையா என்பதல்ல, எந்த நோக்கத்தில் வெளியிட்டீர்கள் என்பதுதான்.