பழைய காரின் பழுதுக்குப் புதிய கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக வேலை செய்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 6,900 ரிங்கிட். மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மூத்த மகள் அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு எழுதுகிறாள். வீட்டுத் தவணை மாதம் 1,750 ரிங்கிட். நான்கு ஆண்டுகளுக்கு முன், சிறு வயதிலிருந்து ஆசைப்பட்ட போர்ஷே 944 ஒன்றை, 1987ஆம் ஆண்டுக் காரை, 48,000 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். 20,000 என் சேமிப்பு. 28,000 ஏழு ஆண்டுத் தனிநபர் கடன். அன்று முதல் ஏதாவது ஒரு பழுது திடீரென வந்துகொண்டே இருக்கிறது. கிரெடிட் கார்டில் 11,400 ரிங்கிட் நிற்கிறது. தவணைகள் வேறு ஓடுகின்றன. இப்போது ரேடியேட்டர் நீரில் எண்ணெய் கலந்து தே தாரிக் நிறத்தில் நுரைத்திருக்கிறது. பட்டறையில் முழுவதையும் புதுப்பிக்க 40,000 ரிங்கிட் ஆகும் என்கிறார்கள். கடன் எடுத்துச் செய்துவிட்டால் கார் விலை ஏறும், அது முதலீடு என்கிறார் தங்கையின் கணவர். மாமனார் விற்றுவிடச் சொல்கிறார். மனைவி தம் வளையல்களை அடகு வைக்கலாம் என்கிறார். வங்கியில் 12,000 ரிங்கிட் நிரந்தர வைப்பு இருக்கிறது. அவசரத்துக்கென்று அதைத் தொடவில்லை. நான்கு ஆண்டு ரசீதுகளையும் இணைத்துள்ளேன். என்ன செய்வது?
வாசகர், சுங்கை ஆரா

பதில்: காரை விற்றுவிடும்படி நான் சொல்லப்போவதில்லை. ஞாயிறு விடியற்காலையில் பாலேக் பூலாவிலிருந்து தெலுக் பஹாங் வரை அந்த மலைப்பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தால் அடுத்த வாரம் முழுவதும் மனம் இலகுவாக இருக்கிறது என்று கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட ஒன்றுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கைச் செலவிட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த 40,000 ரிங்கிட் கடனை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். உங்கள் குடும்பத்தை அரிப்பது காரன்று. ஒவ்வொரு பழுதையும் எதிர்பாராத விபத்தாக எண்ணி ஒவ்வொன்றுக்கும் ஒரு தவணை தொடங்கும் பழக்கமே அரிக்கிறது.

நீங்கள் அனுப்பிய ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். வாங்கிய மாதத்தில் டைமிங் பெல்ட், பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்ந்து 4,800, பிறகு கிளட்ச் 9,000, ஷாக் அப்சார்பர், புஷ், டயர் 7,200, எஞ்சின் மவுண்ட், எரிபொருள் குழாய்கள், ஸ்டீயரிங் வேலை 4,600, ஏர்கான் 3,400, சில்லறை வேலைகள் 2,200. மொத்தம் 31,200 ரிங்கிட். நாற்பத்தெட்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 650. இதில் எதுவும் திடீரென வந்ததன்று. வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட்டுக்கு 944இல் ஆயுள் கிலோமீட்டரில் மட்டும் இல்லை, ஆண்டிலும் உண்டு; வெப்பத்தில் ரப்பர் இறுகிவிடுவதால் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். மாற்றாமல் விட்டு அது அறுந்தால், இந்த எஞ்சினின் அமைப்பில் வால்வுகள் பிஸ்டன்களில் மோதி வளைந்து, 5,000 ரிங்கிட்டில் முடிய வேண்டிய வேலை எஞ்சின் விலைக்குப் போய்விடும். கிளட்சும் அப்படித்தான். இந்தக் காரில் எஞ்சின் முன்னாலும் கியர்பெட்டி பின்னாலும் இருக்கின்றன. இரண்டையும் ஒரு நீண்ட குழாய்க்குள் சுழலும் தண்டு இணைக்கிறது. கிளட்ச் தட்டை எடுக்க வேண்டுமென்றால் பின்னால் கியர்பெட்டியை இறக்கி, அந்தக் குழாயையும் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்பதால் கூலி ஏறிவிடுகிறது. அசல் தட்டின் நடுவில் ரப்பர் வைத்திருந்தார்கள். அந்த ரப்பர் வயதானால் உதிரும். ஏறக்குறைய நாற்பது வயதான காரில் அது உதிர்ந்ததற்கு யாரும் அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை.

இதற்கு மேல் சாலை வரி. 2,479 சிசி எஞ்சினுக்குத் தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்கு 859 ரிங்கிட். நீங்கள் கட்டும் காப்புறுதி 1,900. இரண்டும் சேர்ந்து மாதம் ஏறக்குறைய 230. ஆக, இந்தக் காரை வைத்திருப்பதற்கான நேர்மையான மாதச் செலவு, பெட்ரோல் நீங்கலாக, 880 ரிங்கிட். உங்கள் சம்பளத்தில் இது தாங்கக்கூடிய தொகை.

இப்போது நீங்கள் உண்மையில் கட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள். வாங்கிய கடனுக்கு 497, கிளட்ச் தவணை 375, டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் அந்த ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ செயலியில் 300, கிரெடிட் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை 570. மொத்தம் 1,742 ரிங்கிட். வீட்டுத் தவணைக்கு எட்டு ரிங்கிட்தான் குறைவு. கார்டுக்குக் கட்டும் 570இல் 18 விழுக்காட்டு வட்டியாக 171 ரிங்கிட் போய்விடுகிறது. புதிய கடன் 40,000க்கு, உங்களிடம் சொன்ன 7 விழுக்காட்டு நிலை வட்டியில் ஏழு ஆண்டுக்கு 19,600 ரிங்கிட் வட்டி, மாதம் 710. அதையும் சேர்த்தால் காருக்காகக் கட்டுவது 2,452 ஆகி, வீட்டுத் தவணையை எழுநூறு ரிங்கிட் தாண்டிவிடும். 7 விழுக்காடு என்று சொல்லப்படுவதையும் அப்படியே நம்பாதீர்கள். நிலை வட்டி என்பது நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் முதல் நாள் கடனுக்கே கடைசி வரை வட்டி போடுவது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது 12 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

‘வட்டியில்லாத் தவணை’ என்று செயலிகள் விரிக்கும் வலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் ஒரு செட் டயர் வாங்கினால்கூட பணம் கட்டும் இடத்தில் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. வட்டி இல்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். தீங்கு அதன் நீளத்தில் இருக்கிறது. கிளட்ச் தவணையில் இன்னும் பதினான்கு பாக்கி இருக்கும்போதே ரேடியேட்டரில் எண்ணெய் கலந்துவிட்டது. போன பழுதின் தவணை முடிவதற்குள் அடுத்த பழுது வரும் என்பது இந்த வயதுக் காரில் உறுதி என்றால், அடுத்த பழுதுக்கு உங்கள் கையில் என்றைக்குமே ரொக்கம் இருக்கப்போவதில்லை.

தங்கையின் கணவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் இந்த ‘முதலீட்டு கார்’ என்ற பேச்சு எனக்குக் கவலை அளிக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளாக எனக்கு வரும் கடிதங்களில் அது அடிக்கடி தலைகாட்டுகிறது. வெளிநாட்டு ஏலங்களில் நல்ல விலைக்குப் போகும் 944கள் பெரும்பாலும் டர்போ வகை, அல்லது குறைந்த ஓட்டமும் முதல் நாளிலிருந்து முழு ஆவணங்களும் கொண்டவை. உங்களுடையது எட்டு வால்வு 2.5 லிட்டர், பல கை மாறிய கார். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட வகை இது. அரிது என்று சொல்லி விலை ஏற்ற முடியாது. 48,000 கொடுத்து வாங்கி, 31,200 செலவழித்து, மேலும் 40,000 போட்டு அதற்கு 19,600 வட்டியும் கட்டினால், போட்ட பணம் மட்டும் திரும்பி வருவதற்கே 1,38,800 ரிங்கிட்டுக்கு ஆள் வர வேண்டும். அந்த ஆள் யார் என்று மைத்துனரைக் கேளுங்கள். பெயர் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள்.

பட்டறையின் 40,000 ரிங்கிட் பட்டியலை வரி வரியாகப் படித்தேன். முழு பெயின்ட், டேஷ்போர்டு, இருக்கைத் தோல், சக்கரங்களுக்குப் புதுப் பூச்சு, எஞ்சினை முழுவதும் பிரித்துக் கட்டுவது என்று போகும் அதில், உங்கள் காரின் இன்றைய நோய்க்கு மருந்து ஒரே ஒரு வரியில் இருக்கிறது: எஞ்சின் எண்ணெயை ரேடியேட்டர் நீரால் குளிர்விக்கும் ஆயில் கூலரின் சீல்களை மாற்றிக் குழாய்களைக் கழுவுதல், 3,200 ரிங்கிட். 944இல் எண்ணெயும் நீரும் கலந்தால் பெரும்பாலும் அந்த சீல்கள்தான் காரணம். எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டாகவும் இருக்கலாம் என்பதால் முதலில் பிரஷர் டெஸ்ட் செய்து உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். சோதனை செய்யாமல் எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லும் பட்டறைக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இனி பணம். மனைவியின் வளையல்களைத் தொடவே வேண்டாம். உரிமம் பெற்ற அடகுக் கடையும் மாதம் 2 விழுக்காடு வரை வாங்கலாம், ஆண்டுக்கு 24. அது கிரெடிட் கார்டைவிடக் கொடியது. அவர் கேட்காமலே எடுத்துக் கொடுக்க முன்வந்தார் என்பதே, வீட்டில் உங்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை எனக்குக் காட்டுகிறது. ஊழியர் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கையும் விட்டுவிடுங்கள். 2024இல் 6.3 விழுக்காடு ஈவு கொடுத்த பணம் அது. 18 விழுக்காட்டுக் கடனை அடைக்க அதை எடுப்பது கணக்குப்படி லாபம்தான் என்றாலும், உங்களுக்கு அதைவிட மலிவான பணம் கையிலேயே இருக்கிறது.

12,000 ரிங்கிட் வைப்பிலிருந்து 8,000 எடுத்துக் கார்டில் கட்டுங்கள். 3 விழுக்காட்டை ஒட்டி வட்டி தரும் பணத்தை வங்கியில் வைத்துக்கொண்டு அதே குடும்பம் 18 விழுக்காட்டுக்குக் கடன் சுமப்பதில், இந்த 8,000க்கு மட்டும் ஆண்டுக்கு 1,200 ரிங்கிட் நட்டம். அவசரத்துக்கென்று வைத்தது என்கிறீர்கள். அவசரம் வந்து ஓராண்டு ஆகிவிட்டது. பாக்கி 4,000 அப்படியே இருக்கட்டும். கார்டில் மிஞ்சும் 3,400க்கு இப்போது போலவே மாதம் 570 கட்டினால் ஏழாவது மாதம் தீர்ந்துவிடும். கடன் குறையக் குறைய வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகையும் இறங்கிக்கொண்டே வரும். அதைப் பார்த்து நீங்களும் இறங்கிவிடாதீர்கள். செயலித் தவணை ஐந்து மாதத்தில் முடிகிறது. முடிந்த அன்றே அந்தச் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்குங்கள். ஆறாவது, ஏழாவது மாதங்களில் விடுபடும் 300ஐயும், எட்டாவது மாதத்திலிருந்து 870ஐயும் காருக்கென்று திறக்கும் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். பத்தாவது மாதம் ஆயில் கூலர் வேலைக்குப் பணம் இருக்கும். பதினைந்தாவது மாதம் கிளட்ச் தவணையும் தீர்ந்து மேலும் 375 சேர, பதினாறாவது மாதம் பெல்ட்டுக்கும் பணம் சேர்ந்துவிடும். அதன் பிறகு மாதம் 650 போதும். மிச்சம் மகளின் மேற்படிப்புக்குப் போகட்டும். சாலை வரியும் காப்புறுதியும் இப்போது போலவே சம்பளத்திலிருந்து நேராகப் போகட்டும். முதலில் வாங்கிய தனிநபர் கடனை முன்கூட்டி அடைத்தால் வட்டியில் எவ்வளவு மிச்சமாகும் என்று வங்கியில் எழுத்தில் கேளுங்கள். நிலை வட்டிக் கடனில் பாதிக்கு மேல் கட்டிவிட்ட பிறகு மிச்சம் சிறிதாகவே இருக்கும் என்பதால், அதற்காக அவசரப்பட வேண்டாம்.

ஆம், அதுவரை ஒன்றேகால் ஆண்டுக்கு மேல் கார் நின்றுகொண்டிருக்கும். உங்களுக்கு இது வலிக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

காத்திருக்கும் நாளில் செய்ய ஒரு வேலை உண்டு. மளிகைக் கடைகளில் நம் பெற்றோர் கடன் எழுதி வைத்த அந்தச் சிறிய 555 நோட்டு இன்றும் கிடைக்கிறது. ஒன்று வாங்கி, காரின் உறுப்புகளைப் பக்கத்துக்கு ஒன்றாக எழுதுங்கள். மாற்றிய தேதி, அடுத்து மாற்ற வேண்டிய ஆண்டு, இன்றைய விலை, இவை போதும். என் தந்தையார் புக்கிட் மெர்தாஜாமில் தம் மோரிஸ் மைனருக்கு இப்படித்தான் எழுதி வைத்திருந்தார். ‘பேட்டரி, தீபாவளிக்கு முன்’ என்று அவர் கையெழுத்தில் ஒரு பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தக் காருக்காக அவர் ஒருவரிடமும் கைநீட்டியதில்லை. நோட்டில் இருக்கும் விலைகளைக் கூட்டி ஆயுளால் வகுத்தால், மாதம் 650 போதுமா, 750 வேண்டுமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். உதிரிப்பாகங்கள் பவுண்டிலும் யூரோவிலும் வருவதால் ஆண்டுக்கு ஒரு முறை விலையைத் திருத்திக்கொள்ளுங்கள்.

மாமனாரின் யோசனைக்கும் ஓர் எல்லை வைக்கிறேன். கடன்கள் தீர்ந்த பிறகு, தொடர்ந்து பன்னிரண்டு மாதம் அந்த 650ஐப் போட முடியவில்லை என்றால் காரை விற்றுவிடுங்கள். இன்றைக்கு விற்காதீர்கள், ரேடியேட்டரில் நுரையோடு நிற்கும் காரைப் பார்க்க வருபவர் பழுதின் விலையைப் போல மூன்று மடங்கைக் குறைத்துத்தான் கேட்பார்.

கடைசியாக, நாளைக்கே செய்ய வேண்டியது. ரேடியேட்டரில் உள்ள கலவையை வடித்துவிடுங்கள்; அது உள்ளே நின்றால் ரப்பர் குழாய்களை ஊதவைத்துக் கெடுக்கும். பெல்ட் மாற்றிய உங்கள் ரசீதின்படி நான்கு ஆண்டு நிறைந்துவிட்டது. எனவே புதிய பெல்ட் மாறும் வரை எஞ்சினை எதற்காகவும் இயக்காதீர்கள். ஆயில் கூலர் வேலைக்கும், பிறகு பெல்ட்டுக்கும் பட்டறைக்குக் கொண்டுபோகும் நாளில் ஓட்டிச் செல்லாமல் இழுவை லாரியில் ஏற்றுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் அந்தச் சேவை சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பார்த்து வையுங்கள்.