பேயும் போலீஸும்: வாசகர் கேள்விகள்

கே: பென் ஆரனோவிச்சின் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' வரிசையில் மூன்று புத்தகங்களை மூச்சுவிடாமல் முடித்தேன். நான்காவதான 'புரோக்கன் ஹோம்ஸ்' நகரவே மாட்டேன் என்கிறது. மூடி வைத்துவிடலாமா? - வாசகி, திருநெல்வேலி

ப: வேண்டாம் அம்மா, இன்னும் கொஞ்சம் பொறுங்கள். அலுப்பு நியாயமானதுதான். 2011-இல் வந்த முதல் புத்தகத்தில், கொலைக்குச் சாட்சி சொல்லப் பேயே வந்து நின்றது. லண்டனின் கோவென்ட் கார்டனில் நின்றபடி கான்ஸ்டபிள் பீட்டர் கிராண்ட் அதனிடம் விசாரணை நடத்தினான். அந்த ருசி கண்டவருக்கு நான்காவது புத்தகம் பத்தியச் சாப்பாடாகத்தான் இருக்கும். லண்டனுக்குத் தெற்கே க்ராலி என்ற ஊர்ப் பக்கம் ஒரு கார் விபத்து, வண்டிக்குள் யாருடையது என்று தெரியாத ரத்தம். அப்புறம் ரயில் முன் விழுந்த நகரத் திட்ட அதிகாரி, திருட்டுப் போன மந்திர நூல், நடுவில் தேம்ஸ் கரையில் நதி தேவதைகளின் திருவிழா. எதற்கும் எதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. க்ராலி வழக்கைப் பாதியாக வெட்டியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஆனால் பீட்டரும் அவனோடு வேலை பார்க்கும் லெஸ்லியும் போலீஸ் என்று காட்டிக்கொள்ளாமல், டோபி என்ற நாயோடு ஸ்கைகார்டன் அடுக்குமாடியில் குடியேறும் இடம் வரும். அங்கே நிதானமாகப் படியுங்கள். சின்ன வயதில் கட்டடக் கலைஞனாக ஆசைப்பட்டு, படம் வரைய வராமல் விட்டவன் பீட்டர். அதனால் கட்டடத்தை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பான். அந்தக் கோபுரத்தைச் சும்மா மனிதர்கள் குடியிருக்க மட்டும் கட்டவில்லை. இதற்குமேல் சொல்ல மாட்டேன். நான் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வளர்ந்தவன். புதிதாக யார் வந்தாலும் சாமான் இறங்குவதற்குள் ஊர், பேர், வேலை எல்லாவற்றையும் கேட்டுவிடும் கீழ்வீட்டுக்காரர்களைத் தெரியும். மாறுவேடப் போலீஸுக்குப் பேயைவிட அவர்கள்தான் ஆபத்து.

கே: துப்பறியும் கதைக்கு ஆரம்பத்திலேயே வேகம் வேண்டாமா? - வாசகர், சேலம்

ப: வாரத் தொடர்கதை படித்து வளர்ந்த நமக்கு 'தொடரும்' போடுவதற்கு முன் யாராவது அலறியாக வேண்டும். ஆரனோவிச்சுக்கும் அந்த வித்தை தெரியும். 1988-இல் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடருக்கு நான்கு பகுதிக் கதை எழுதியவர். ஆனால் முழுப் புத்தகமாகக் கையில் கொடுக்கும்போது வாராவாரம் நம்மை இழுத்துப் பிடிக்கவேண்டிய கட்டாயம் இல்லையே! தவிர, கதவு கதவாகத் தட்டி, கேட்டதையே திரும்பக் கேட்டு, கடைசியில் டீயோடு திரும்புவதுதான் போலீஸ் வேலையில் முக்கால்வாசி. இதை இவ்வளவு சிரிக்கச் சிரிக்க எழுதியவர்கள் குறைவு.

கே: ஸ்கைகார்டன் நிஜமாகவே இருக்கிறதா? - வாசகர், கோவை

ப: இல்லை. ஆனால் கதை நடக்கும் லண்டனின் எலிஃபண்ட் அண்ட் காஸில் பகுதியில் ஹெய்கேட் என்ற மாபெரும் அரசுக் குடியிருப்பு இருந்தது. 1974-இல் கட்டி முடித்தது. குடியிருந்தவர்களை வெளியேற்றி, 2014-க்குள் இடித்துத் தள்ளிவிட்டார்கள். புத்தகம் வந்தது 2013-இல். தலைப்பில் ஏன் உடைந்த வீடுகள் என்று இனி நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

கே: நான்கைத் தாண்டி நேரே ஐந்துக்குப் போகலாமா? - வாசகி, மதுரை

ப: கூடாது. ஐந்தாவதான 'ஃபாக்ஸ்குளோவ் சம்மர்' ஹெர்ஃபோர்ட்ஷயர் கிராமத்தில் இரண்டு சிறுமிகள் காணாமல் போவதில் சட்டென்று தொடங்கும், உண்மை. ஆனால் நான்காவதின் கடைசிப் பக்கங்களில் பீட்டருக்கு விழுந்த அடி தெரியாமல் அவனுடைய மௌனம் புரியாது. என் வீட்டுக்காரம்மா முடிவை முதலில் படிக்கும் ரகம். அவரிடமிருந்து இந்தப் புத்தகத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

கே: கண் வலி. ஒலிப்புத்தகம் உண்டா? - வாசகர், காரைக்குடி

ப: ஆங்கிலத்தில் உண்டு. வாசித்தவர் நடிகர் கோப்னா ஹோல்ட்ப்ரூக்-ஸ்மித். ஆளுக்கொரு குரல் கொடுப்பார். நான் சொன்ன க்ராலி பகுதியைக்கூட அவர் குரலில் கேட்டால் ஓட்டிவிடலாம்.